கணக்குப் புத்தகத்தில் மரம் முறியும் முறை: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

பத்தாம் வகுப்புக் கணக்கில், முக்கோணவியலின் கடைசிப் பகுதியில் ஒரு நாடு இருக்கிறது. கலங்கரை விளக்கம், முறிந்த மரம், சுவரில் சாய்த்த ஏணி, பறந்துகொண்டே நிற்கும் பட்டம் ஆகியவை அதன் நான்கு எல்லைகள். பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய அனைவரும் சில வாரங்களாவது அங்கே குடியிருந்தவர்கள்தாம். ஆயினும் அந்நாட்டின் இயற்கையை முறையாக ஆராய்ந்தாரிலர். மார்க் வாங்கியதும் ஊரைக் காலி செய்துவிடுவதே காரணம்.

கோணங்களின் குடியுரிமை

அங்கே பிறப்புரிமை பெற்ற கோணங்கள் 30°, 45°, 60° ஆகிய மூன்றே. வேறு கோணம் உள்ளே வரவேண்டுமானால், தன் டேன் மதிப்பை அடைப்புக்குறிக்குள் காட்டிவிட்டுத்தான் வரவேண்டும். இம்மூவருக்கு மட்டும் ஏன் இச்சலுகை? மூவருக்கும் சேர்த்து √3 ஒன்று போதும், அதற்கும் 1.732 என்று கேள்வித்தாளிலேயே பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். 45°க்கு அதுவும் வேண்டாம். கோபுரத்தின் உயரமே தூரம், தூரமே உயரம். படம் போட்டு, பெயர் குறித்து, 'எனவே' என்று எழுதினால் கணக்கு முடிந்தது.

சூரியனும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. சென்னையில் உச்சிவெயில் தலைக்கு நேரே விழும் நாட்களில், ஏற்றக்கோணம் 30°இலிருந்து 60°க்கு ஏறச் சுமார் 2 மணி நேரம் பிடிக்கும். புத்தகத்துச் சூரியன் ஒரு காற்புள்ளியில் ஏறிவிடும்.

மூன்றில் ஒரு பங்கு விதி

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. புயலில் ஒரு மரம் முறிகிறது. முறிந்த பகுதி மரத்தை விட்டுப் பிரியாமல், அடியிலிருந்து 9 மீட்டர் தள்ளித் தரையை 30° கோணத்தில் தொடுகிறது. மரத்தின் உயரம் என்ன? நிற்கும் பகுதி 9/√3, சாய்ந்த பகுதி 18/√3, மொத்தம் 27/√3. அதாவது 9√3, சுமார் 15.59 மீட்டர்.

விடையை விட்டுத்தள்ளுங்கள். நின்றது ஒரு பங்கு, சாய்ந்தது இரு பங்கு என்பதைக் கவனியுங்கள். 9 மீட்டரை 90 ஆக்கினாலும் இதே கதைதான். சைன் 30° பாதி என்பதால், 30°இல் தரை தொடும் எந்த மரமும் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்தான் முறிந்தாக வேண்டும். தென்னையா புளியா என்று புயல் பார்ப்பதில்லை.

இவ்விதி கடலிலும் செல்லும். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்க்கையில் ஒரு படகு 30° இறக்கக்கோணத்திலும் இன்னொன்று 60°இலும் தெரிந்தால், எட்ட உள்ளது கிட்ட உள்ளதைப் போல மும்மடங்கு தூரத்தில் மிதக்கும். கரை நோக்கிச் சீரான வேகத்தில் வரும் படகு 30°இலிருந்து 60°க்கு வர 12 நிமிடம் எடுத்தால், விளக்கின் அடியை எட்ட இன்னும் 6 நிமிடம். வேகமும் தெரியாது, உயரமும் தெரியாது. நேரம் மட்டும் தெரிந்துவிடும். அலை, நீரோட்டம், டீசல் தட்டுப்பாடு எதுவும் இதைப் பாதித்ததாகச் சான்றில்லை.

ஒரு மறுப்பு

நிஜ உலகில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார் உளர். நடந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணத்துக்கு முக்கோணம் சேர்த்து இந்தியாவை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் மற்றவை தெரியும் என்ற அதே பள்ளிக் கணக்குதான். ஆனால் அவருக்குக் கோணங்கள் 30, 60 என்று முழுசாகக் கிடைக்கவில்லை. அவற்றை அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் தேவைப்பட்டது. 1808இல் தஞ்சையில் அதைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது.

புத்தகத்தில் கயிறு அறுந்த வரலாறு கிடையாது. பட்டத்தின் நூலில்கூடத் தொய்வில்லை எனக் கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

முடிவும் பரிந்துரையும்

கணக்குப் புத்தகம் பொய் சொல்லவில்லை. உலகத்தைப் பெருக்கித் துடைத்து, மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி நம் கையில் கொடுக்கிறது. அந்தச் சலுகையை வீணாக்க வேண்டாம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இவ்வாய்வாளரின் பரிந்துரை இரண்டு. கணக்கில் 30°யும் 60°யும் சேர்ந்து வந்து, ஒரே உயரத்தை இரண்டும் பார்த்தால், எட்டத் தூரத்தைக் கிட்டத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 3 வராவிட்டால் கணக்கை மறுபடி போடுங்கள். பார்ப்பவரின் உயரம் 1.5 மீட்டர் என்று கொடுத்திருந்தால், கடைசியில் அதைக் கூட்ட மறக்காதீர்கள். கோபுரத்தை அளந்தவர் பலரும் மார்க்கை இழப்பது அந்த ஒன்றரை மீட்டரில்தான்.