சொல்வதைக் கேளுங்கள், வாங்குவதைப் பாருங்கள்

வணிகக் கேள்வி-பதில்: இந்த இதழில் சந்தை ஆய்வு

கல்லூரி மாணவி, திருச்சி: சந்தை ஆய்வு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

யார் வாங்குவார், என்ன விலை கொடுப்பார், அதே தேவைக்கு இன்று எதை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்ற மூன்றுக்கும் சரக்கை இறக்குவதற்கு முன்பே விடை தேடுவது. இறக்கிய பிறகு தேடினால் அதற்குப் பெயர் நஷ்டக் கணக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: இதை ஆரம்பித்து வைத்தவர் யார்?

அமெரிக்கரான சார்லஸ் கூலிட்ஜ் பார்லின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவரும் உங்களைப் போலப் பள்ளிக்கூடத்துக்காரர். 1911-ல் பத்திரிகைகள் வெளியிடும் கர்ட்டிஸ் பதிப்பகம் அவரை ஆய்வு வேலைக்கு எடுத்துக்கொண்டது. “எங்கள் டப்பா சூப்பை வாங்குவது வசதியானவர்கள், உங்கள் பத்திரிகையைப் படிப்பது தொழிலாளிகள். எதற்கு விளம்பரம்?” என்று கேம்பல் கம்பெனி கைவிரித்ததாம். பார்லின் வாதாடவில்லை. பிலடெல்பியாவின் பல பகுதிகளிலிருந்து குப்பையை அள்ளிவரச் செய்து பிரித்துப் பார்த்தார் என்பார்கள். காலி டப்பாக்கள் தொழிலாளர் குடியிருப்புகளில்தான் குவிந்து கிடந்தன. வசதியான வீடுகளில் சமையற்காரர் வைத்து சூப் காய்ச்சினார்கள். கேள்வித்தாள் பொய் சொல்லலாம், குப்பைத்தொட்டி சொல்லாது.

சோப்புத்தூள் தயாரிப்பாளர், கடலூர்: இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே? கையில் ஆயிரங்கள் மட்டும் உள்ளவன் என்ன செய்வது?

உங்கள் ஊர்க்காரரே பதில் சொல்லியிருக்கிறார். சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூ என்றாலே பாட்டில் என்றிருந்த காலம். கிராமத்தில் தினக்கூலி வாங்குபவர் பாட்டிலுக்கு எங்கே போவார்? சின்னப் பாக்கெட் என்றால் இன்றைய கூலியில் இன்றே வாங்கலாம். அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் கண்டுகொண்ட வழி அது.

மகன் இன்னும் ஒரு படி இறங்கிப் போனார். ஊர் நடுவில் ஒரு பையனை உட்காரவைத்து, தலையை நனைத்து, ஷாம்பூ போட்டு அலசி, கூடியிருந்தவர்களைத் தலையைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். பிறகு, எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். எந்தத் தெருவில் யார் எதை வாங்குகிறார்கள் என்பது வந்து சேர்ந்த பாக்கெட்டுகளிலேயே தெரிந்துவிடாதா? பழக்கம் பிடித்ததும் சிக் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். ஆய்வும் விற்பனையும் ஒரே செலவில் முடிந்தன.

எம்.பி.ஏ. மாணவர், கோவை: கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வு செய்தவர்களும் தோற்கிறார்களே?

கேள்வி தப்பானால் பதில் எத்தனை லட்சம் வந்தும் பயனில்லை. கோக்க கோலா சுமார் 2 லட்சம் பேருக்குப் புதுச் சுவையைக் கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலோர் நன்றாக இருக்கிறது என்றார்கள். 1985 ஏப்ரல் 23-ல் புதியதை இறக்கிப் பழையதை நிறுத்தினார்கள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூலை 11-ல் பழையது திரும்ப வந்தது. ‘எது ருசி?’ என்று கேட்டவர்கள், ‘பழையதை எடுத்துவிட்டால் சம்மதமா?’ என்று அழுத்திக் கேட்கவில்லை.

இல்லத்தரசி, மதுரை: வெளிநாட்டில் ஓடும் சரக்கு இங்கே ஏன் சில சமயம் ஓடுவதில்லை?

சமையலறைக்குள் வந்து பார்க்காததால். 1990-களின் நடுவில் கெல்லாக்ஸ் கார்ன் ஃபிளேக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, நாம் வழக்கப்படி சூடான பாலை ஊற்றினோம். மொறுமொறுப்பு போய்க் கூழானது. பாலைக் காய்ச்சிச் சூடாகக் குடிக்கும் நாடு இது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வீட்டில் ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

கார் ஓட்டுநர், சென்னை: விலையைக் குறைத்தால் எதுவும் விற்றுவிடும்தானே?

டாட்டாவின் நானோ காரைக் கேளுங்கள். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று 2009-ல் விற்பனைக்கு வந்தது, 2018-ல் உற்பத்தி நின்றது. ‘மிக மலிவான கார்’ என்ற அடையாளத்தோடு விற்றது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். கார் வாங்குபவர் தெருவில் நாலு பேர் பார்க்க நிமிர்ந்து இறங்க ஆசைப்படுகிறார். அந்த ஆசையும் சந்தைதான்.

விவசாயி, ஒட்டன்சத்திரம்: தக்காளி விலை ஏறும்போது நட்டால், பறிக்கும்போது விழுந்துவிடுகிறதே. எங்களுக்கு என்ன வழி?

இன்றைய விலை இன்று பறிப்பவருக்கு. நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதம் கழித்துத்தான் உங்கள் பறிப்பு. இன்றைய விலையைப் பார்த்து எல்லோரும் நட்டால் எல்லோருடைய கூடையும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வரும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளியை, செப்டம்பரில் ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் விவசாயிகள் சாலையோரம் கொட்டினார்கள்.

ஆகவே மண்டி விலையோடு நாற்றுப் பண்ணையையும் பாருங்கள். இந்த வாரம் எத்தனை நாற்று போயிருக்கிறது, அடுத்த வாரத்துக்கு எவ்வளவு முன்பதிவு என்று இரண்டு மூன்று பண்ணைகளில் விசாரியுங்கள். வழக்கத்தைவிட அதிகம் என்றால் பரப்பைக் குறையுங்கள், அல்லது நடவைத் தள்ளிப்போடுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதையும் சேர்த்துப் பாருங்கள். உழைப்பில் குறை வைக்காத உங்களுக்குத் தகவலில் குறை இருக்கக் கூடாது.

செவிலியர், தேனி: மருத்துவத்தில்கூட சந்தை ஆய்வா? மனசு ஒப்பவில்லை.

நோயாளியின் பையை அளக்கத்தான் ஆய்வு என்றால் எனக்கும் ஒப்பாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கியது. முகாமில் பரிசோதித்து, கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. ‘அறியாமை’ என்று முடித்துவிடாமல் காரணம் கேட்டார்கள். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி, பயம். இலவசத்துக்கும் ஒரு விலை இருந்தது. முகாமிலிருந்தே வண்டி ஏற்றினார்கள், சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போனதால் பயமும் குறைந்தது. ஆய்வின் உயர்ந்த பயன் இதுதான் என்பேன்.

சீரியல் ரசிகை, தஞ்சாவூர்: டி.ஆர்.பி.க்காக எங்கள் வீட்டில் யாரும் வந்து கேட்டதில்லையே?

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கிட, பார்க் என்ற அமைப்பு தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும் டிவியோடு மீட்டரை இணைக்கிறது. வீட்டில் யார் பார்க்கிறாரோ அவர் தனக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அந்தச் சோற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. சில சேனல்கள் மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாக 2020-ல் மும்பை போலீஸ் வழக்குப் போட்டபின், செய்திச் சேனல்களின் ரேட்டிங் 2022 மார்ச் வரை நிறுத்தப்பட்டிருந்தது.

புதுத் தொழில்முனைவோர், சேலம்: காசில்லாமல் புள்ளிவிவரம் கிடைக்குமா?

அரசாங்கமே தருகிறது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. 1999-2000-ல் கிராமத்துச் செலவில் ஏறக்குறைய 59 சதவீதம் உணவுக்குப் போனது, 2022-23-ல் 46. மீதி எங்கே போகிறது என்று அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் தொழில் அங்கே ஒளிந்திருக்கலாம்.

மளிகைக்கடைக்காரர், விருதுநகர்: இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமே?

பில் மெஷின் விற்றதைச் சொல்லும். கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரைச் சொல்லாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ‘இல்லை’ என்று சொல்லும்போதெல்லாம் என்ன கேட்டார், எந்த அளவில் கேட்டார் என்று பையன் எழுதட்டும். மாதக் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் பெயரை அடுத்த கொள்முதலில் கொஞ்சமாக வாங்கிப் போட்டுப் பாருங்கள். கேட்டவர் வரும்போது நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் இனி அடுத்த கடைக்குப் போகமாட்டார்.