லின்னேயஸுக்கு வேலை இல்லை

பெறுநர்:
நியமனக் குழுத் தலைவர் அவர்கள்,
வேளாண் பல்கலைக்கழகம், ஸ்வீடன்.

பொருள்: ஆசிரியப் பணிக்கு ஸ்வீடிஷ் மொழியறிவு கேட்பதைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

விண்ணப்பம் ஆங்கிலத்தில் வர வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில். அவற்றை எடைபோடும் வெளிநாட்டு நிபுணர்களுக்கு ஸ்வீடிஷில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. ஆள் தேர்வாகி வந்து சேர்ந்ததும், சில ஆண்டுகளில் ஸ்வீடிஷில் பாடம் நடத்த வேண்டும், கூட்டங்களில் உட்கார வேண்டும் என்கிறீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாலி கட்டியபின் மீன் குழம்பு வரவில்லையே என்று முகம் சுளிக்கும் மாமியார்களை எங்களுக்கும் தெரியும்.

இந்த நல்ல விதி 18ஆம் நூற்றாண்டிலேயே ஹாலந்தில் இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம். உங்கள் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1735இல் அங்கே போய் இறங்கினார். வந்த வேகத்தில் ஹார்டர்வைக்கில் மருத்துவப் பட்டம். அதே ஆண்டு லைடனில் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூல் அச்சேறியது. ஜார்ஜ் கிளிஃபோர்டு என்ற செல்வரின் தோட்டத்தில் வேலையும் கிடைத்தது. மூன்றாண்டு அந்நாட்டுச் சோற்றைத் தின்றவர் டச்சு மொழியை மட்டும் சரியாகக் கற்கவேயில்லை. லத்தீனை வைத்தே காலத்தை ஓட்டினார். கிளிஃபோர்டிடம் உங்களைப் போல ஒரு குழு இருந்திருந்தால், “துறைக் கூட்டங்களில் பங்கேற்பு: திருப்தியில்லை” என்று எழுதி மூட்டை கட்ட வைத்திருக்கும். 1736இல் அந்தக் குளிர்தேசத்துக் கண்ணாடி வீட்டில் வாழையைப் பூக்க வைத்தார், உண்மைதான். வாழை பூத்தால் ஆயிற்றா? கூட்டக் குறிப்பை யார் எழுதுவது?

ஸ்வீடிஷே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அரசு அலுவலக மொழி எளிமையாகவும் புரியும்படியும் இருக்க வேண்டும் என்று உங்கள் 2009ஆம் ஆண்டு மொழிச் சட்டம் சொல்கிறது. பல்கலைக்கழகமும் அரசு அலுவலகம்தானே. 2018 கோடை வறட்சிக்குப் பின் தென் ஸ்வீடனில் ஸ்புரூஸ் மரங்களைப் பட்டை வண்டு அரித்துத் தள்ளியது. எந்த மரத்தை எப்போது வெட்டி அப்புறப்படுத்துவது என்று ஸ்மோலாந்தில் சிறு காடு வைத்திருப்பவர் கேட்டால், அவர் மொழியில்தான் சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்குப் பொறுமையாக விளக்கிய ஒரு மாலைப்பொழுது, பதவி உயர்வின்போது ஓர் ஆங்கிலக் கட்டுரைக்கு ஈடாகுமா? ஆகாதென்றால், மொழி அவருக்காகவா, காபி வேளை அரட்டைக்காகவா?

(காட்டில் பெர்ரி பறிக்க ஆண்டுதோறும் தாய்லாந்திலிருந்து வருபவர்களிடம் மட்டும் யாரும் மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. அவர்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை போலும்.)

ஆகவே தேர்வை எல்லோருக்கும் வையுங்கள், தொட்டிலிலேயே ஸ்வீடிஷ் கேட்டு வளர்ந்த பேராசிரியர்களையும் சேர்த்து. தம் கடைசி ஆங்கிலக் கட்டுரையை ஒரு பால்பண்ணைக்காரருக்கு அவர் மொழியில் விளக்க வேண்டும். அவர் கொட்டாவி விட்டால் தேர்ச்சியில்லை. தெற்கே உங்கள் அல்னார்ப் வளாகத்தில் ஸ்கோனே வட்டாரப் பேச்சில் நடத்துங்கள். ஸ்டாக்ஹோம்காரர்களும் கொஞ்சம் வியர்க்கட்டும். வடக்கே உமியோ வளாகத்துப் பக்கம் ‘ஆமாம்’ என்பதற்கு மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தால் போதுமாம். அங்கே வாயைத் திறக்காமலே பாதி மதிப்பெண் வாங்கிவிடலாம்.

தேர்வாளரான பண்ணைக்காரருக்குப் பயணப்படி உண்டா என்று தெரிவிக்கவும். காலையும் மாலையும் அவருக்குக் கறவை இருக்கும். நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மொழிச் சான்றிதழ் இணைக்காத ஒருவன்