இந்தக் கல்லை யாரிடம் காட்டுவது? ஒரு முன்னாய்வு

விண்கல் என்று சந்தேகப்படும் கல் கைக்கு வந்ததும் மனிதர்கள் செய்வதை உடைத்தல், மறத்தல், கேட்டல் என்று மூன்று கட்டங்களாக இத்துறை பிரிக்கிறது. (அப்படியொரு துறை இன்னும் தொடங்கப்படவில்லை.)

முதல் கட்டத்துக்குச் சிறந்த சான்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மேரிபரோ. ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய பூமி. 2015இல் மெட்டல் டிடெக்டரோடு அலைந்த ஒருவர், மஞ்சள் களிமண்ணில் கிடந்த 17 கிலோ செந்நிறக் கல்லைத் தூக்கிவந்தார். உள்ளே தங்கக்கட்டிதான் என்பது அவர் முடிவு. ரம்பத்தால் அறுத்தார். கிரைண்டர் வைத்தார். டிரில் இறக்கினார். ஆசிட்டில் போட்டார். கடைசியில் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். கல் பிளக்கவில்லை. ஆய்வு நெறிப்படி குறை சொல்ல முடியாது. பட்டறையில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நிபுணரின் முறை வரத்தான் சில ஆண்டுகள் ஆயின.

மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் டெர்மட் ஹென்றி, 37 ஆண்டுகளில் இப்படி வந்த கற்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர். விண்கல் என்று தேறியவை இரண்டு. அதில் இது ஒன்று. வைர ரம்பத்தால் ஒரு சீவல் அறுத்ததும் உள்ளே கடுகு கடுகாய் உருண்டைகள் தெரிந்தன. வயது 460 கோடி ஆண்டு.

அடுத்தது மறத்தல். அமெரிக்காவின் மிச்சிகனில் 10 கிலோ கல்லொன்று பண்ணைக் கொட்டகைக் கதவுக்கு 30 ஆண்டு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. பண்ணையை விற்றவர் ‘வானத்திலிருந்து விழுந்தது’ என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் அவர் நிபுணர் இல்லையே! 2018இல் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோனா சிர்பெஸ்கு சோதித்துப் பார்த்தார்: இரும்பு, கூடவே 12 விழுக்காடு நிக்கல்.

கேட்பதென்றால் இந்தியாவில் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்கலாம். 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் தியோதர் பக்கம் வேப்பங்கிளையை முறித்துக்கொண்டு விழுந்த கல், ஆப்ரைட் என்ற அரிய வகை என்று கண்டது அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம்.

நிபுணர் கிடைக்கும்வரை கை சும்மா இருக்காது என்பதும் ஆய்வில் தெரிகிறது. மெருகேற்றாத டைல்ஸின் பின்புறத்தில் உரசிப் பார்க்கலாம். செங்கோடு விழுந்தால் அநேகமாக ஹெமடைட் என்ற இரும்புத்தாது. ஓட்டை ஓட்டையாக இருந்தால் பெரும்பாலும் உலைக் கசடு. வலுவான காந்தத்தை ஒட்டக் கூடாது. கல் சுமந்து வந்த பழைய காந்தப் பதிவு அழிந்துபோகும். சம்மட்டியைப் பற்றி மேலே சொல்லியாயிற்று.