அரை ஓட்டுப் பிரதிநிதிகள்

அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு எந்த மாநிலம் எத்தனை பிரதிநிதிகளை அனுப்பலாம் என்பதற்குச் சூத்திரமே உண்டு. கடந்த மூன்று அதிபர் தேர்தல்களில் கட்சிக்கு அங்கே விழுந்த ஓட்டும் அதில் சேர்த்தி. கணக்கு சுத்தம், மனிதர்கள் தலையிடும்வரை.

2008-இல் மிச்சிகனும் ஃபுளோரிடாவும் முந்திக்கொண்டு ஜனவரியிலேயே முதன்மைத் தேர்தலை நடத்திவிட்டன. கட்சி வகுத்த தேதி வரிசையை மீறியதற்குத் தண்டனை: பிரதிநிதி ஒருவர்கூடக் கிடையாது. மே 31 அன்று விதிமுறைக் கமிட்டி மனமிரங்கியது. பிரதிநிதிகள் வரலாம், ஆளுக்கு அரை ஓட்டு!

மிச்சிகன் வாக்குச்சீட்டில், வேட்பாளராகப் போட்டியிட்ட பராக் ஒபாமாவின் பெயரே இல்லை; அவரே விலக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவருடைய போட்டியாளர் ஹிலாரி கிளின்டனுக்கு 69, ஒபாமாவுக்கு 59 எனப் பங்கு பிரித்தார்கள். பந்திக்கே வராதவருக்கு இலை போட்டுப் பாயசமும் ஊற்றிய தாராளம்! ஆகஸ்டில், ஒபாமாதான் வேட்பாளர் என்று உறுதியான பிறகு, அரை ஓட்டு முழு ஓட்டாகிவிட்டது.