சிங்கப்பூரில் லேப்டாப் வாங்க, திருமுக்கூடல்காரருக்கு ஒரு கையேடு

விசா வந்த விஷயத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் பயனில்லை. பாலாற்றுப் பாலத்தில் கல்குவாரி லாரிக்கு ஒதுங்கி நிற்கிற நேரத்தில் சேதி அக்கரைப் பழைய சீவரத்துக்குப் போய்விடும். டீக்கடையில் எத்தனை நாள் பயணம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "அங்கெல்லாம் லேப்டாப்பு பாதி விலையாமே?" என்பதுதான் முதல் கேள்வி. அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கப் புகாதீர்கள். அனுபவமில்லாதவர்கள் செய்கிற தப்பு அது. "ஆமாமா" என்று தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடியுங்கள். லேப்டாப் வாங்குவது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. மிச்சமெல்லாம் நிறைவேற்றுகிற வேலை.

இந்தப் பாதி விலை ஆகாசத்திலிருந்து வந்ததல்ல. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. டேப்ரெக்கார்டர், கால்குலேட்டர், கைக்கடிகாரம் என்று 'ஃபாரின்' என்ற சொல்லுக்கு ஒரு வாசனையே அங்கே உண்டு. சுங்கவரி கழுத்தை நெரித்த காலம் அது. கப்பலில் வந்தது மலிவு என்றால் அதில் நியாயம் இருந்தது. 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005க்குள் கணினிக்கான அடிப்படைச் சுங்கவரி பூஜ்யமாகிவிட்டது. ஆக, பாதி விலை செத்து இருபது வருஷம் ஆகிறது. எங்கள் ஊருக்கு இன்னும் சாவுச் சேதி வரவில்லை.

புறப்படுமுன் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: கணக்குப் போடுவது. நான் போட்டேன், அதனால் சொல்கிறேன். இங்கே லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சிங்கப்பூரில் 2024 ஜனவரியிலிருந்து 9. சுற்றுலாப் பயணிக்கு அந்த ஒன்பதையும் விமான நிலையத்தில் திருப்பித் தருகிறார்கள். கேட்கும்போது தேன் மாதிரி இருக்கும். ஆனால் 109 வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், கொடுத்தால் திரும்புவது 9 வெள்ளி. அதிலும் நடுவில் நிற்கிற நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைக் கிள்ளிக்கொள்ளும். நம்மூர் கார்டைத் தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று பல வங்கிகள் மூன்றரை சதவீதம் வரை பிடிக்கும், அந்தப் பிடித்தத்துக்கு ஒரு ஜி.எஸ்.டி. வேறு. இதே மாடலுக்கு சென்னை ரிச்சி தெருவில் தீபாவளித் தள்ளுபடி, மாணவர் தள்ளுபடி, வங்கிக் கார்டு தள்ளுபடி என்று கழித்துக்கொண்டே வந்தால் மீதியாகும் லாபத்தில் சாங்கி விமான நிலையத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம். மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவுள்ள புடவை வியாபாரி என்றால் கணக்கு இன்னும் மோசம். இங்கேயே கடைப் பெயரில் பில் போட்டு வாங்கினால் அந்த 18 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஆடிட்டர் இதைத்தான் சொல்வார். திரும்பி வரும்வரை அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அங்கே சில உயர்ரக மாடல்கள் நிஜமாகவே மலிவு. ஆனால் விலைச்சீட்டில் விற்பனை வரி இருக்காது, கல்லாவில்தான் வந்து ஒட்டும். டெலவேர், ஒரிகன் மாதிரி சில மாநிலங்களில் அந்த வரியே கிடையாது. அதற்காக டெலவேரில் பெண் எடுக்கச் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் உங்களுக்கு அக்கா மகளோ மாப்பிள்ளையோ நிச்சயம் இருப்பார்கள். "நீங்க வர்றதுக்குள்ள நானே வாங்கி வச்சிடறேன் மாமா" என்பார்கள். ஒத்துக்கொண்டால் 9 சதவீதம் போச்சு. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வரி திரும்பாது. நீங்களே உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி, நூறு வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மாதத்துக்குள் பொருளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். விமான நிலையத்தில் பொருளைக் காட்டு என்று கேட்கலாம். ஆகவே லேப்டாப்பைப் பெட்டிக்குள் புடவைக்கு நடுவில் திணித்து பெட்டியையும் அனுப்பிவிட்டு, அப்புறம் ரீஃபண்ட் யந்திரத்தின் முன்னால் போய் நிற்காதீர்கள். பாட்டரி உள்ள பொருள் கைப்பையில் இருப்பதுதான் எப்படியும் நல்லது. கைப்பைக்கு ஏழு கிலோ என்பார்கள். உங்கள் பையில் ஆறு கிலோ ஏற்கெனவே கோடாலித் தைலமாகவும் சாக்லேட்டாகவும் இருக்கும்.

கடை விஷயம். முஸ்தபா சென்டர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட் மாதிரி இருக்கும்; மனிதர்களைப் பார்த்த திருப்தி கிடைக்கும். சிம் லிம் சதுக்கத்துக்குப் போனால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். 2014இல் அங்கே ஒரு கடையில் வியட்நாமியத் தொழிலாளி ஒருவர் காதலிக்காகக் கைப்பேசி வாங்கினார். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு, வாரண்டிக்குத் தனியாக இன்னும் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி எடு என்றார்கள். அந்த மனிதர் கடையிலேயே மண்டியிட்டு அழுதார். வீடியோ ஊரெல்லாம் பரவியது, கடைக்காரர் பிறகு சிறைக்குப் போனார். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து கையெழுத்துப் போடச் சொல்லும் எந்தக் காகிதத்தையும் நான் இரண்டு முறை படிக்கிறேன். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போன நாளில் வாங்குவதே இல்லை.

இப்போது சுங்கம். ஊருக்குள் உலவும் சாஸ்திரம் இது: அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும், திரையில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டும், மூடியில் குங்குமப் பொட்டு வைக்க வேண்டும், குடும்பப் படத்தைத் திரையில் போட வேண்டும். அப்போதுதான் 'பழசு' என்று விடுவார்களாம். உண்மையில் 18 வயது நிரம்பிய பயணி ஆளுக்கு ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். மற்ற சாமான்களுக்கான வரம்பில் அது சேராது. அது பழசு என்று நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று திடீர் அறிவிப்பு வந்தபோதுகூட, பயணி பையில் கொண்டுவரும் ஒன்றுக்கு விலக்கு இருந்தது. மறுநாளே அந்த அறிவிப்பையும் அக்டோபர் கடைசிவரை தள்ளிவைத்தார்கள். அந்த ஓர் இரவு மட்டும் எங்கள் அக்கா தூங்கவில்லை.

இருந்தாலும் பொட்டு வையுங்கள். நான் வைத்தேன். சென்னையில் அந்த அதிகாரி பொட்டைப் பார்க்கவில்லை, லேப்டாப்பையும் பார்க்கவில்லை. "இந்தத் தைலம் எத்தனை டஜன் சார்?" என்றுதான் கேட்டார்.

பேராசை மட்டும் வேண்டாம். மாமா பையனுக்கென்று இரண்டாவது லேப்டாப் வந்தால் அது சாதாரணச் சாமான் கணக்கில் ஏறி, வரம்பைத் தாண்டினால் வரி விழும். கைக்குழந்தை பெயரில் ஒன்று கொண்டுவரலாம் என்று யோசித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். குழந்தைக்கு 18 ஆகும்வரை பொறுக்க வேண்டும்.

விசைப்பலகையைக் கடையிலேயே தட்டிப் பாருங்கள். பிரான்சில் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், ஜெர்மனியில் ஒய்யும் இஸட்டும் வீடு மாற்றிக்கொண்டிருக்கும், துபாயில் ஒவ்வொரு விசையிலும் அரபி துணைக்கு நிற்கும். சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இல்லை. நம் ரூபாய்க் குறி மட்டும் இருக்காது. 2010இல் அந்தக் குறியை வரைந்த உதயகுமார் ஒரு தமிழர் என்று கடைப் பையனிடம் சொன்னேன். "ஓகே அங்கிள், பேக் வேணுமா?" என்றான். தமிழ் எழுத்து எந்த ஊர் விசையிலும் இருக்காது, ரிச்சி தெருவிலும்தான். இதில் ஒரு வேடிக்கை: நான் இந்தக் கட்டுரையைத் தட்டுகிற முரசு அஞ்சல் மென்பொருள், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கியது. இணையத்தில் தமிழை ஏற்றியவர்களில் முன்னால் நின்றவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. கடல் கடந்து வந்ததில் நமக்கு நிஜமாகவே லாபமான சரக்கு இதுதான். இதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

லேப்டாப் வீட்டுக்கு வந்துவிட்டது. சார்ஜரின் பிளக் மூன்று செவ்வகப் பல்லோடு நம் சுவரைப் பார்த்து முறைக்கும். பயப்பட வேண்டாம், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். சுவருக்கும் அடாப்டருக்கும் நடுவில் இருக்கிற கயிறு கழன்று வரும், அதை மட்டும் நம்மூர்ப் பின்னோடு வாங்கினால் போதும். வாரண்டிதான் விஷயம். 'இன்டர்நேஷனல்' என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா, அது உங்கள் மாடலுக்குச் சேருமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். சில நிறுவனக்காரர்கள் எங்கே வாங்கினாலும் பழுது பார்ப்பார்கள். சில நிறுவனக்காரர்கள் வாங்கின நாட்டுக்கே கொண்டுபோ என்பார்கள்.

நான் கேட்கவில்லை. எட்டாவது மாதம் காற்றாடி இரைய ஆரம்பித்தது. எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம், எனவே திருமுக்கூடல். ஆறுகளில் தண்ணீர் எப்போதாவது வரும். கிரஷர் தூசி தினமும் வரும். சென்னை சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்த பெண், "இது எங்க சிஸ்டத்திலயே இல்லை சார்" என்றாள். இருக்கிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் வாலாஜாபாத் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு பையன் திருகைக் கழற்றி, ஊதுகுழல் வைத்து ஓர் ஊது ஊதினான். அரை கைப்பிடி மலை வெளியே விழுந்தது.

எங்கள் ஊர் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டு, பதினொன்றாம் நூற்றாண்டு. பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, ஆதுலர் சாலை என்ற ஆஸ்பத்திரி எல்லாம் அதில் வருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை பதினைந்து. அந்த எண்ணோடு நிற்காமல், மருத்துவனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு, அறுவை செய்கிறவனுக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுகிறவர்களுக்கு இவ்வளவு, பணிப்பெண்களுக்கு, நாவிதனுக்கு, இராத்திரி எரிகிற விளக்கின் எண்ணெய்க்கு என்று கல்லில் வெட்டிக்கொண்டே போகிறார்கள். வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வேறு. சாமானை வாங்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள் எழுதின கல்வெட்டு இல்லை அது. அந்தச் சுவருக்கு எதிரே வளர்ந்த நான் வாரண்டி அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வந்தேன்.

அய்யம்பேட்டைச் சித்தப்பாவிடம் லேப்டாப்பைக் காட்டப் போனேன். குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கின. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் கிடக்கும். பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் செய்தது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கு யோசனை எடுத்தார், கம்ப்யூட்டரின் பாட்டன் இதுதான் என்று விளக்கினேன். அவர் நாடாவை நிறுத்தவில்லை.

"அப்போ ஃபாரின் கம்ப்யூட்டரு எங்கூட்டுக்கு உனக்கு முன்னாடியே வந்துடுச்சின்னு சொல்லு" என்றார். அப்புறம், "இது மக்கர் பண்ணா அடுத்த தெருவுல ஆள் இருக்கான். உன்னுதுக்கு?" என்றார்.

இந்த மாட்டுப் பொங்கலுக்கு அக்கா மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தாள். காஞ்சி வரதர் பாரிவேட்டைக்குப் பழைய சீவரம் வந்து, ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கு எழுந்தருளுகிற நாள். சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் கூடுவார்கள். அவள் கையில் ஒரு பட்டியல்: தோழிகளுக்கு நாலு பட்டுப்புடவை. சிராங்கூன் சாலையிலேயே காஞ்சிப் பட்டு மலை மாதிரி அடுக்கியிருக்கிறதே என்றேன். "அங்க வாங்கினா அது காஞ்சிபுரமா மாமா? இங்க பாதி விலை வேற!" என்றாள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்று விளக்கத் தொடங்கி, டீக்கடை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

சித்தப்பா பில் போட்டுக் கொடுத்தார். அவள் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்தாள். அங்கே குடியுரிமை வாங்கியவள், சட்டப்படி இங்கே சுற்றுலாப் பயணி.

"சென்னை ஏர்போர்ட்ல ரீஃபண்ட் மிஷின் எந்தப் பக்கம் மாமா இருக்கு?" என்றாள்.

2017 ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தில் அதற்கென்று 15ஆம் பிரிவு இருப்பதைச் சொன்னேன். அந்தப் பிரிவுக்கு இன்னும் மிஷின் வரவில்லை என்பதை, சாமி பார்க்கப் போகிற அவசரத்தில், சொல்லாமலேயே விட்டுவிட்டேன்.