சம்மன் வந்திருக்கிறதா? முதலில் பிரியுங்கள்!

கே: புரோநோட்டுக் கடனை அடைத்துவிட்டேன். ஆனாலும் கடன் கொடுத்தவர் கேஸ் போட்டிருக்கிறார். பொய்க் கேஸுக்கு நான் எதற்குக் கோர்ட் ஏற வேண்டும்? (கோவில்பட்டி வாசகர்)

ப: பொய் என்று சொல்லத்தான்! வாய்தா அன்று பெயர் கூப்பிடும்போது நீங்களும் இல்லை, வக்கீலும் இல்லை என்றால், உங்களை 'எக்ஸ்பார்ட்டி' ஆக்கிவிட்டு வழக்கு நடக்கும். வாதி கூண்டில் ஏறி நோட்டைக் காட்டுவார். பிரதிவாதி பதிலுரை போடவில்லை என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வாதியைக் குறுக்கு விசாரணை செய்ய யார் இருக்கிறார்கள்? பணம் கொடுத்த ரசீது உங்கள் பீரோவில் இருந்தால், நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

கே: சம்மன் கொண்டுவந்த கோர்ட் அமீனாவிடம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். சம்மன் சேரவில்லைதானே? (திருச்சி வாசகர்)

ப: சேர்ந்த மாதிரிதான். மறுத்தால் வாசல் கதவில் ஒட்டிவிட்டு அறிக்கை தருவார். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பும் பதிவுத் தபாலுக்கும் அதே கதிதான். ஆளே அகப்படாவிட்டால் நாளிதழில் விளம்பரம். வீட்டுக்குள் மறைத்த விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும்.

கே: பதிலுரைக்கு எத்தனை நாள் அவகாசம்? (சேலம் வாசகி)

ப: சம்மன் சேர்ந்ததிலிருந்து 30 நாள்; காரணம் காட்டினால் 90 வரை. அதற்கு மேலும், சாதாரண வழக்கில் காரணம் வலுவாக இருந்தால் நீதிபதி இடம் கொடுக்கலாம். வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் பதிலுரை போடும் உரிமையே போய்விடும்.

கே: என் பேரில் சொத்தே இல்லை. டிகிரி (தீர்ப்பாணை) ஆனால்தான் என்ன? (மதுரை வாசகர்)

ப: டிகிரியை நிறைவேற்றக் கேட்க 12 வருஷம் இருக்கிறது. இன்று இல்லாத சொத்து நாளை பாகப்பிரிவினையில் வரலாம். வேலையில் இருந்தால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு, மிச்சத்தை ஜப்தி செய்யலாம்.

கே: எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டது. இனி வழியே இல்லையா? (நாகர்கோவில் வாசகி)

ப: இருக்கிறது. அதை ரத்து செய்யக் கேட்டு அதே கோர்ட்டில் மனுப் போடுங்கள். டிகிரி தேதியிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், விஷயம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30. அதுவும் கடந்திருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், 883 நாள் தாமதத்தையே உச்ச நீதிமன்றம் 1998-இல் மன்னித்தது. வக்கீலை நம்பி ஏமாந்தேன் என்ற காரணத்தை அது ஏற்றுக்கொண்டது. 'சும்மா இருந்துவிட்டேன்' என்பதை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

கே: வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. (விழுப்புரம் வாசகி)

ப: அதற்காக நீங்கள் போகாமல் இருந்துவிடக் கூடாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்ற ஏழைகளுக்கும் வருமான வரம்புக்குள் கிடைக்கும். 15100-க்குப் போன் செய்யுங்கள். அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சம்மனோடு நேரில் போங்கள். அதில் போட்டிருக்கும் தேதிக்கு முன்னாலேயே போங்கள்.