நூறு ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர்?

அரசு ஊழியர், திருச்சி: லிட்டருக்கு 18 கொடுத்த என் பெட்ரோல் கார் இப்போது 16-தான் கொடுக்கிறது. எல்லாம் எத்தனால் செய்த வேலையா?

பாதிதான் அதன் வேலை. மீதிக்கு டயரில் காற்றைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இப்போது பங்கில் வருவதுபோல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும். பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு இது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் என்றுதான் சொன்னது. இருபது சதவீதக் கலப்புக்கென்றே என்ஜினைச் சரிசெய்து விற்கும் கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம்.

18-ல் ஏழு சதவீதம் போனால் 16.7. அதுவும் எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால். பத்து சதவீதக் கலப்பு 2022 ஜூனிலேயே வந்துவிட்டது. ஆகவே உங்கள் 18 அதற்குப் பிறகு எடுத்த கணக்கு என்றால், எத்தனால் தின்றது அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். டயர், ஏர் ஃபில்டர், நாள் முழுக்க ஓடும் ஏசி ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

கல்லூரி மாணவி, கோவை: பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பது கலப்படம் ஆகாதா?

ஒளித்துச் செய்தால் கலப்படம், சொல்லிச் செய்தால் கலப்பு. அதனால்தான் எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு பம்பின் நெற்றியிலும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: 2014-ல் வாங்கிய கார். இந்தப் பெட்ரோலைப் போட்டால் என்ஜின் போய்விடும் என்று பேரன் பயமுறுத்துகிறான்.

என்ஜின் போகாது, சார். அதற்குப் பெட்ரோல் கொண்டுபோகும் சின்னச் சின்னச் சாமான்களைத்தான் கவனிக்க வேண்டும்.

எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். இன்ஜெக்டர் வைத்த காரில் புகைக்குழாயில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. காற்று மிச்சமாக வந்தால் அது கணினிக்குச் சொல்லும், கணினி இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சச் சொல்லும். இருபது சதவீதக் கலப்புக்கு வேண்டிய திருத்தம் பெரும்பாலும் அந்தக் கணினியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் கார் ஓடும், மைலேஜ்தான் குறையும்.

கவலை வேறு இடத்தில். எத்தனால் என்கிற சாராயம் பழைய ரகத்து ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும், காய்ந்தால் விறைக்கச் செய்யும். பெட்ரோல் டியூப், ஓரிங், பம்பைச் சுற்றிய கேஸ்கட் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தச் சாமான்கள் இருபது சதவீதத்தைத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. செலவு குறைவுதான் என்றும் சொன்னது. குறைவுதான். ஆனால் அந்தக் குறைவான செலவும் ஓய்வூதியத்திலிருந்துதானே போகிறது?

இன்னொன்று: எத்தனால் நல்ல கரைப்பான். பத்து வருட டேங்க்கில் படிந்த அழுக்கைக் கிளப்பிக் கொண்டுவந்து ஃபில்டரில் கொட்டும். அடுத்த சர்வீஸில் ஃபியூல் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். பேரனிடம், பயப்பட வேண்டாம், டியூபைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

வியாபாரி, ஈரோடு: என்னுடையது டீசல் கார். எனக்கு இதில் ஏதாவது?

இல்லை. பங்கில் நீங்கள் போடும் டீசலில் எத்தனால் கிடையாது.

தனியார் நிறுவன ஊழியர், வேளச்சேரி: மழைக்காலத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் வண்டி நடுத்தெருவில் நிற்கிறது. ஏன்?

எனக்கும் ஒரு நவம்பரில் நின்றிருக்கிறது. மெக்கானிக் டேங்க்கிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர்போல ஓர் அடுக்கு. அந்தக் கீழடுக்கைத்தான் என்ஜின் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சாதாரணப் பெட்ரோல் தண்ணீரோடு சேராது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் தன்னோடு கரைத்துக்கொள்ளும், வண்டிக்கு ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் பெட்ரோலை உதறிவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கும். பெட்ரோல் உறிஞ்சப்படுவதும் அடியிலிருந்துதான். பத்து சதவீதக் கலப்பில் அந்த எல்லை லிட்டருக்குச் சுமார் ஐந்து மில்லி, ஒரு தேக்கரண்டி. இருபது சதவீதத்தில் எல்லை இன்னும் கொஞ்சம் கூடுதல் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. ஆனால் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மழைநீர் இறங்கினால் தேக்கரண்டிக் கணக்கா நிற்கும்?

வெள்ளம் நின்று வடிந்த பகுதியில் முதல் ஓரிரு நாள் பெட்ரோல் போடாதீர்கள். வண்டி நின்றுவிட்டால் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், டேங்க்கைக் காலி செய்யுங்கள். மழைக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பங்க்காரர்கள் பேஸ்ட் தடவிய அளவுகோலை இறக்கிப் பார்ப்பார்கள். இன்று பார்த்தீர்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வங்கி ஊழியர், சேலம்: எத்தனாலின் கெடுதலை நீக்கும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். வாங்கலாமா?

கலந்த எத்தனாலை டேங்க்கிலிருந்து வெளியே எடுக்கும் திரவம் எதுவும் இல்லை. அந்தக் காசில் டியூப் மாற்றுங்கள்.

இளைஞர், திருநெல்வேலி: எத்தனால் சேர்த்தால் ஆக்டேன் கூடும், வண்டி பறக்கும் என்கிறார்களே?

ஆக்டேன் கூடுவது உண்மை. சாதாரணப் பெட்ரோல் 91, இருபது சதவீதக் கலப்பு 95 வரை போகிறது. ஆக்டேன் என்பது அழுத்தத்தைத் தாங்கும் குணம். என்ஜினுக்குள் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டாமல் இருக்க அது உதவும். அந்தக் குணத்தைப் பயன்படுத்த அதிக அழுத்தத்தில் ஓடும் என்ஜின் வேண்டும். 91-க்குச் செய்த என்ஜினுக்கு 95 கொடுத்தால் பறக்காது. புகையில் கார்பன் மோனாக்சைடு கணிசமாகக் குறைவதுதான் நான் மதிக்கிற லாபம். சிக்னலில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே நிற்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கரும்பு விவசாயி, விழுப்புரம்: எத்தனாலைக் குறை சொல்பவர்கள் எங்கள் பாக்கியை நினைத்துப் பார்ப்பார்களா?

நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும் ஐயா. சர்க்கரை விற்றுக் காசு வர ஆலைக்கு மாதக்கணக்காகும். எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் சீக்கிரம் பணம் கொடுக்கின்றன. அந்தப் பணம் உங்கள் நிலுவைக்கு வந்து சேர்ந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு, அந்தக் காசில் ஒரு பகுதியைத் தன் வயலுக்கே திருப்புவது சரியான காரியம்.

ஆனால் எந்த எத்தனால் என்று பிரித்துப் பார்ப்போம். சர்க்கரை எடுத்து முடித்த கடைசி மொலாசஸிலிருந்து வடித்தால் அது மிச்சத்தில் கிடைத்த லாபம். கரும்புச் சாற்றிலிருந்தே வடித்தால் சர்க்கரையை விட்டுக்கொடுக்கிறோம். 2023-ல் கரும்பு குறையும் என்று தெரிந்ததும் டிசம்பரில் மத்திய அரசு சாற்றுக்குக் கட்டுப்பாடு போட்டது நினைவிருக்கும். தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் என்பது நிதி ஆயோக் சொன்ன எண். போர்வெல்லை எத்தனை அடி இறக்கினோம் என்று நம் ஊரில் பேசிக்கொள்ளும்போது இந்த எண் என்னைத் தூங்கவிடுவதில்லை.

கோழிப்பண்ணையாளர், நாமக்கல்: மக்காச்சோளம் விலை ஏறியதற்கும் இதுதான் காரணமா?

பெரிய காரணங்களில் ஒன்று. இப்போது எத்தனாலில் பாதிக்கு மேல் தானியத்திலிருந்து வருகிறது, அதில் முதலிடம் மக்காச்சோளத்துக்கு. வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த நாம் 2024-ல் வாங்கும் நாடானோம். பெரம்பலூர் விவசாயிக்கு நல்ல விலை, உங்களுக்குத் தீவனச் செலவு. இரண்டும் உண்மை. வடித்த பிறகு மிஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறது. பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சோதித்த பிறகே வாங்குங்கள். எனக்கு மக்காச்சோளத்தைவிட அரிசிதான் உறுத்துகிறது. 2024-25-ல் உணவுக் கழகத்தின் கையிருப்பிலிருந்து 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது. நொய், கெட்டுப்போன தானியம் போகட்டும். சாப்பிடக்கூடிய அரிசியை டேங்க்கில் ஊற்றும் வேலையை என்னால் ஏற்க முடியவில்லை.

இல்லத்தரசி, தாம்பரம்: சக்தி குறைவு என்றால் விலையும் குறைய வேண்டாமா?

வேண்டும் அம்மா. இந்த வாரம் வந்த கேள்விகளில் இதுதான் தலைமைக் கேள்வி.

மாதம் 700 கிலோமீட்டர் ஓடும் கார் 18-லிருந்து 17-க்கு இறங்கினால் இரண்டே கால் லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 230 ரூபாய், வருடத்துக்கு 2,700-க்கு மேல். அதே நிதி ஆயோக் அறிக்கை, கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும், வரிச் சலுகை தரலாம் என்று அன்றே எழுதிவைத்தது. கலப்பின் அளவை எடுத்துக்கொண்டவர்கள் விலையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அரசின் பதில் இது: அந்த அறிக்கை வந்த காலத்தில் எத்தனால் மலிவு, இப்போது அதன் கொள்முதல் விலை பெட்ரோலின் அடக்க விலையைத் தாண்டிவிட்டது. உண்மைதான். 2024-25-ல் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு கொடுத்தார்கள். ஆனால் 2014-15 முதல் 1.4 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்றும் அதே அரசுதான் பெருமையாகச் சொல்கிறது. மிச்சம் நாட்டுக்கு, கூடுதல் செலவு உங்களுக்கு என்றால் கணக்கு எங்கே நேராகும்? வரியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து நேராக்கலாம்.

பிரேசில் 1975-லிருந்து இந்தப் பாதையில் போகிறது. 2025 ஆகஸ்டில் கலப்பை 30 சதவீதமாக்கியது. ஆனால் அங்கே பங்கில் தனி எத்தனாலும் விற்கிறார்கள், இரண்டையும் எரிக்கும் கார்கள் 2003-லிருந்து ஓடுகின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைப் போடுகிறார்கள், மேலே போனால் மறுக்கிறார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பு எந்த ஆண்டுக்குப் பிந்தைய காருக்கு என்பது பம்பிலேயே ஒட்டியிருக்கும். இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தாலும் நியாயம் முடியவில்லை. பழைய வண்டிக்காரர்களுக்குப் பத்து சதவீதக் கலப்பாவது ஒரு பம்பில் கிடைக்கட்டும்.

ஆட்டோ ஓட்டுநர், புதுச்சேரி: அவசரத்துக்கு டியூப் போட்டு வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்போம். இப்போது சாராயம்தானே கலந்திருக்கிறது?

முன்பும் செய்யக்கூடாது, இப்போதும் கூடாது. ஐந்தில் நாலு பங்கு பெட்ரோல், தம்பி. நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனால் உயிருக்கே ஆபத்து. கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, கீழக்கரை: கணவர் துபாயில். கார் ஆறேழு மாதம் அப்படியே நிற்கும். டேங்க்கை நிரப்பி வைப்பதா, காலியாக விடுவதா?

நிரப்பி வையுங்கள். பாதி டேங்க்கில் மீதி இடமெல்லாம் கடற்கரைக் காற்று. அதிலிருக்கும் ஈரம் இரவில் குளிர்ந்து டேங்க்கின் சுவரில் வேர்க்கும், எத்தனால் அதை வாங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை யாராவது எடுத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பெட்ரோலைத் திரும்ப நிரப்பட்டும்.

வாசகர், காரைக்குடி: அப்பா ஓட்டிய 2006 பைக். கார்புரேட்டர் வண்டி. விற்க மனமில்லை. ஓட்டலாமா?

ஓட்டுங்கள். கார்புரேட்டருக்குச் சென்சாரும் கணினியும் கிடையாது. அதன் ஜெட் துளை பழைய பெட்ரோலுக்கு அளந்தது, இந்தக் கலப்புக்குக் காற்று மிஞ்சிவிடும். காலையில் கிளப்ப அடம்பிடிப்பதும், திருகும்போது திணறுவதும், என்ஜின் அதிகம் சூடாவதும் அதனால்தான். விவரம் தெரிந்த மெக்கானிக் கலவையைக் கொஞ்சம் திருத்தித் தருவார், தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஜெட் போடுவார். நாலைந்து நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் தேங்காது. டேங்க்கிலிருந்து இறங்கும் டியூபைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வளைவில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். சூடான என்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது அது.